தலைவருக்கு ஹெடிங் ஒன்று

குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வெப்சைட் இருக்கும். வெப்சைட் இருந்தால் அதைக் கட்டிக்காக்க ஒரு செயலாளர் இருப்பார். பெரும்பாலும் ரிட்டையர் ஆனவர். சர்வீஸ் முழுக்க அடுத்தவர் எழுதிய கோப்பில் சிவப்பு மையால் கோடு போட்டவர். கோடு போட இடமில்லாமல் தவிக்கும் நேரத்தில் பேரன் ஒருவன் வேர்ட்பிரஸ்ஸை நிறுவிக் கொடுத்து, "தாத்தா, இந்த விஷுவல் எடிட்டர்ல நீங்க எப்படிப் போடறீங்களோ அப்படியே பக்கத்துல வரும்" என்று சொல்லிவிட்டு வெளிநாடு போய்விடுவான்.

பார்த்தபடியே திருத்தும் வசதி ஒன்றும் புதிதல்ல. 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் பிரவுசரே எடிட்டராகவும் இருந்தது. விஞ்ஞானிகள் தங்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று செய்தார். பாவம், எங்கள் செயலாளரை அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

'தண்ணீர் லாரி நாளை காலை ஆறு மணிக்கு வரும்.' செய்தி இவ்வளவுதான். அதை மொட்டையாக விட அவருக்கு மனசு வராது. 'தண்ணீர்' போல்டு. 'லாரி' நீலம். 'நாளை' சிவப்பு. 'காலை' சிவப்பும் போல்டும். 'ஆறு மணிக்கு' என்பதற்கு அடிக்கோடு. அடிக்கோட்டை லிங்க் என்று நினைத்து பி பிளாக் மாமி அழுத்திக்கொண்டே இருந்ததில் லாரி வந்து போய்விட்டது. கடைசியில் 'வரும்' மட்டும் வெறுமனே நின்றதால் அதற்கு இட்டாலிக். சாய்வெழுத்து என்று தனியாக வரைந்த தமிழ் எழுத்துருக்கள் குறைவு. இல்லாத இடத்தில் பிரவுசரே நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். லாரி வருமா வராதா என்ற சந்தேகம் அந்த எழுத்திலேயே தெரிந்தது.

எடிட்டரில் வலது பக்கம் ஒதுக்குவதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. அவர் அதை நம்பமாட்டார். தன் கையொப்பத்தை ஸ்பேஸ்பாரால் தட்டித் தட்டியே ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். எச்.டி.எம்.எல். சட்டப்படி எத்தனை இடைவெளி விட்டாலும் பிரவுசர் ஒன்றாகத்தான் கணக்கு வைக்கும். ஆனால் விஷுவல் எடிட்டருக்கு இளகிய மனசு. அவர் தட்டியதையெல்லாம் சுருங்காத இடைவெளிகளாக மாற்றிப் பின்னால் எழுதி வைத்துவிடும். அவர் கம்ப்யூட்டரில் 'இப்படிக்கு, செயலாளர்' வலது ஓரத்தில் கம்பீரமாக நிற்கும். செல்போனில் பார்த்தால் 'இப்படிக்கு' ஒரு மூலையில், 'செயலாளர்' வேறொரு வரியில். எல்லோரும் போனில்தானே பார்க்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவங்க போன் சரியில்ல தம்பி" என்றார்.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்து, பத்திக்கொரு கட்டம், படத்துக்கொரு கட்டம் என்று பக்கத்தைப் பாகம் பிரித்தபோது மனிதர் நொறுங்கிப்போனார். 'கிளாசிக் எடிட்டர்' பிளகினைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் முகத்தில் களை வந்தது. அந்தப் பிளகின் லட்சக்கணக்கான தளங்களில் இன்னமும் ஓடுகிறது. அதாவது, இவர் ஒருவரல்ல.

இதெல்லாம் வெறும் அலங்காரம். அவருடைய மேதைமை ஹெடிங்கில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் திறந்தால் பத்தி, அதன்கீழ் ஹெடிங் 1 முதல் 6 வரை. பக்கத்தின் தலைப்பு, பிரிவு, உட்பிரிவு என்று விஷயத்தை அடுக்குவதற்காக வைத்தது. தேடுபொறிகளும் அதைப் பார்த்துத்தான் பக்கம் எதைப் பற்றியது என்று ஓரளவு மோப்பம் பிடிக்கின்றன. செயலாளரோ அதைப் பார்த்த மாத்திரத்தில் மரியாதை வரிசை என்று கண்டுகொண்டார். தலைவர் பெயருக்கு ஹெடிங் 1. துணைத் தலைவருக்கு 2. தனக்கு அடக்கமாக 3, ஆனால் சிவப்பில். பொருளாளருக்கு 4, இணைச் செயலாளருக்கு 5, செயற்குழு உறுப்பினர்களுக்கு 6. கல்யாணப் பத்திரிகை பார்த்து வளர்ந்த யாரும் இதில் தப்புச் சொல்ல முடியாது. லிப்ட் பழுது, குப்பை வண்டி நேரம், மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் பத்தி.

ஏ பிளாக்கில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் வைத்திருக்கிறார். அதில் எச் விசையைத் தட்டினால் ஹெடிங் ஹெடிங்காகத் தாவிப் போய் வேண்டியதைப் பிடித்துவிடலாம். லிப்ட் எப்போது ஓடும் என்று தெரிந்துகொள்ளத் தட்டினார். தலைவர் வந்தார். துணைத் தலைவர் வந்தார். நிர்வாகிகள் ஒருவர் விடாமல் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள். லிப்ட் வரவேயில்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து முளைத்தது. பிரவுசரை அதன் போக்கில் விட்டால் ஹெடிங் 5-ம் 6-ம் சாதாரணப் பத்தி எழுத்தைவிடச் சின்னதாக வரும்; தடிமன்தான் உண்டு, உயரம் கிடையாது. செயற்குழு உறுப்பினர் ஒருவர் போனை நீட்டியபடி வந்து நின்றார்.

"என் பேரு குப்பை வண்டி நேரத்தைவிடப் பொடிசா இருக்கு சார்."

நியாயமான புகார். செயலாளர் அன்றே நடவடிக்கை எடுத்தார். குப்பை வண்டி நேரத்தை அதைவிடப் பொடிசாக்கினார்.

சென்ற பொதுக்குழுவில் தலைவர் மாறினார். பழையவரை அப்படியே அனுப்பிவிட முடியுமா? புரவலர் என்று ஒரு பதவி உண்டாக்கி, தலைவருக்கு மேலே உட்கார வைத்தார்கள். அன்று இரவு பத்தரை மணிக்கு எனக்குப் போன்.

"தம்பி, தூங்கிட்டீங்களா? புரவலருக்கு ஒண்ணு கொடுத்தா தலைவர் ரெண்டுக்கு இறங்கறாரு. எல்லாரும் ஒவ்வொரு படி இறங்கறாங்க. செயற்குழுவுக்கு ஏழு வேணும். லிஸ்ட் ஆறோட நின்னு போச்சே?"

"ஆறுதான் சார். எச்.டி.எம்.எல்.லயே அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி, ஏழு வேண்டாம். யாரையும் இறக்கவும் வேண்டாம். ஒண்ணுக்கு மேல சைபர் இருக்கான்னு பாருங்க."