மதுரைக்கு ஒரு மணி நேரம்

சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாய வழியில் நேர்கோடு போட்டால் சுமார் 420 கிலோமீட்டர். விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாமா, "பெரம்பூர்லேருந்து தாம்பரம் போற நேரத்துல மதுரைக்கே போயிடலாம்டா" என்பார். அந்த ஒரு மணி நேரம் விமானத்துக்கு. அது மீனம்பாக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறது. நாங்கள் அப்படியா?

காலை 7 மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்பே பெட்டி போடும் கவுண்டரை மூடிவிடுவார்கள். எதற்கும் இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிடச் சொல்லிக் குறுஞ்செய்தி வரும். 5 மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் 4 மணிக்கு டாக்சி. 4 மணிக்கு டாக்சி என்றால் 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மாமா 2 மணிக்கே எழுந்து, ஊருக்கு வராதவர்களையும் சேர்த்து எழுப்பிவிடுவார்.

அடுத்தது சோதனை. பெல்ட், வாட்ச், சில்லறை எல்லாம் தட்டில் போய்விடும். அத்தை கைப்பையில் திணித்த மிளகாய் ஊறுகாய் அங்கே அகப்பட்டுக்கொள்ளும். விமானத்துக்குள் அதைக் கையில் கொண்டுபோகக் கூடாது. "தம்பி, கடைச் சரக்கு இல்ல, வீட்டுல போட்டது" என்று மாமா வாதாடுவார். சட்டத்தில் அப்படியொரு விலக்கு இல்லை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் இன்னொரு வேடிக்கை. சக்கரத்து முட்டுக்கட்டையை இங்கே எடுப்பதிலிருந்து அங்கே வைப்பது வரைக்குமான கணக்கு அது. நடுவில் வரிசையில் நிற்க, ஊர்ந்து போக என்று நிமிடங்களைத் தாராளமாகவே சேர்த்திருப்பார்கள். அதனால்தான் "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அடிக்கடி அறிவிக்க முடிகிறது. மாமா அப்போது தானே ஓட்டி வந்த மாதிரி நிமிர்ந்து உட்காருவார். கால் மணி நேரம் தாமதமானாலும் சரியான நேரத்துக்கு வந்ததாகத்தான் கணக்கு. எங்கள் ஆபீசில் இந்தச் சலுகை கிடையாது.

மதுரை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். பெட்டி வந்து, ஆட்டோ பேசி, சிம்மக்கல் வீட்டுப் படியேறும்போது மணி ஒன்பதரை. மூன்றிலிருந்து எண்ணினால் ஆறரை மணி நேரம். காலை 5 மணிக்கு எழும்பூரிலிருந்து கிளம்பும் வந்தே பாரத்துக்கு மதுரை வர ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஆகும். அதில் ஊறுகாயை யாரும் கேட்பதில்லை.

அதையும் விடுங்கள். மாமா பெல்ட்டைக் கழற்றிவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நிற்கும் நேரத்தில், முந்தின இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தவர்கள் மதுரையில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். 60 நாள் முன்பே முன்பதிவு ஆரம்பித்துவிடும். லோயர் பெர்த் வேண்டுமென்றால் முதல் நாளே போட்டுவிடுங்கள். மாமாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்.