மடக்குக் கத்தியா, மடங்காத கத்தியா?

கே: தினமும் கூடவே வைத்துக்கொள்ள எது நல்லது? மடக்குக் கத்தியா, மடங்காத சின்னக் கத்தியா?

ப: மீன் அரிவீர்களா, கடிதம் பிரிப்பீர்களா? மீன் என்றால் மடங்காததுதான். கீல் கிடையாது, செதிள் போய் ஒளிய இடமும் கிடையாது. கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. ஸ்வீடனின் மோரா கத்தி அந்த ஜாதி. கடிதத்துக்கும் ஆப்பிளுக்கும் மடக்குக் கத்தி போதும். உறை வேண்டாம், பைக்குள் அடங்கிவிடும்.

கே: பூட்டு வைத்த மடக்குக் கத்தி வாங்கினால் இரண்டு பயனும் கிடைக்குமே?

ப: பிரிட்டனில் இருந்தால் வழக்கும் கிடைக்கும்! அங்கே பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்க, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்கு மட்டுமே அனுமதி. அலகு பூட்டிக்கொண்டால் நீதிமன்றம் அதை மடங்காத கத்தியாகவே பார்க்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. 1890-இல் பிறந்த பிரெஞ்சு ஒப்பினெல் கத்திக்கு 1955-இல் பூட்டு வளையம் வந்ததே, அலகு திடீரென்று மடங்கி விரலைப் பதம் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். ஒரு வழி இருக்கிறது: ஒப்பினெலில் 2 முதல் 5 வரை எண்ணுள்ள சிறிய கத்திகளுக்கு வளையம் கிடையாது. பழம் நறுக்க 5-ஆம் எண் தாராளம். நான் சொல்வது அதைத்தான்.

கே: தற்காப்புக்கு எது சிறந்தது?

ப: இரண்டு கால்கள். கத்தியை எடுத்தவர் கையிலிருந்தே அது பிடுங்கப்படலாம். பிரிட்டனில் 'தற்காப்புக்காக வைத்திருந்தேன்' என்பது பொதுவாக நியாயமான காரணமாக ஏற்கப்படுவதும் இல்லை.