கதவுக்கு வெளியே கரி

நெதர்லாந்தின் ராட்டர்டாம், ஐரோப்பாவிலேயே பெரிய துறைமுகம். கடல் பொங்கினால் நகரைக் காக்க 1997இல் அங்கே மாஸ்லான்ட் தடுப்புக் கதவுகளைத் திறந்துவைத்தார்கள். (திறந்தது விழாவுக்கு மட்டும், அவற்றின் வேலை மூடுவது.) ஒவ்வொரு கதவும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். நீர்மட்டம் 3 மீட்டரைத் தொடும் என்று கணிப்பு வந்தால் கணினியே மூடிவிடும். புயலடிக்கும் இரவில் மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் கோப்பு அலையக் கூடாது பாருங்கள். 2023 டிசம்பரில் முதன்முறையாக அப்படித் தானாகவே மூடிக்கொண்டன.

வேடிக்கை கதவுக்கு வெளியே இருக்கிறது. துறைமுகத்தின் பகுதிகளான யூரோபோர்ட்டின் எண்ணெய்த் தொட்டிகளும் மாஸ்ஃப்ளாக்டேயின் நிலக்கரிக் குவியல்களும் அந்தப் பக்கம்தான். மேடாக்கிய தரைதான் அவற்றுக்குக் காவல். எந்தக் கரி புகைந்து கடலை உயர்த்துகிறதோ, அந்தக் கரி கடலில் நனைந்துவிடாதிருக்கத் துறைமுகமே அக்கறையாகத் திட்டம் போடுகிறது: எத்தனை சென்டிமீட்டர் ஏறும், எந்த இடத்தை எப்போது உயர்த்துவது என்று. கச்சா எண்ணெய்க் கப்பல் வந்தால் கட்டணம். அதன் புகையால் கடல் வந்தால் திட்ட அறிக்கை. கடலிடம் நங்கூரக் கட்டணம் வசூலிக்கத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை.