சிலேபிக் கெண்டை: ஒரு பெயராராய்ச்சி

கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள். அவை நிரப்பும் குளம் எதில் தூண்டில் போட்டாலும் சிலேபிக் கெண்டை மாட்டும். அதன் பெயரில் மட்டும் புலவர் உலகம் பாராமுகமாகவே இருக்கிறது. இக்குறை தீர்க்கவே இக்கட்டுரை.

இப்பெயர் குறித்து மூன்று கொள்கைகள் உள.

முதலாவது சுவைக் கொள்கை. மீன் இனிப்பதால் ஜிலேபியாயிற்று என்பர். வற்றிய குளத்துச் சிலேபியின் சேற்று வாடை போக உப்பும் மஞ்சளும் போட்டு உரசிய கைகள் இதை ஏற்கா.

இரண்டாவது வடிவக் கொள்கை. மீன் ஜிலேபிபோலச் சுருள்வதால் இப்பெயர் என்பர். சிலேபியோ உள்ளங்கைபோலத் தட்டை. சுருளும் தகுதி ஆராலுக்கே உண்டு. அதை எவரும் ஜாங்கிரி என்றதில்லை. மேலும், மீனுக்குத் தின்பண்டப் பெயர் சூட்ட நெல்லை நினைத்திருந்தால் அல்வாவை விட்டுக்கொடுத்திருக்குமா?

எனவே, மூன்றாவதாகிய வாய்வழிக் கொள்கையே எம் கொள்கை. 1840-இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்னும் விலங்கியலார் ஆப்பிரிக்க மீன் பேரினம் ஒன்றுக்குத் ‘திலாப்பியா’ எனப் பெயரிட்டார். சுவானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லுக்கு அவர் போட்ட லத்தீன் வேடம் அது. மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் இந்தியா வந்து குளம் குளமாய்ப் பெருகியது. பின்னாளில் விலங்கியலார் அதை ‘ஓரியோகுரோமிஸ்’ ஆக்கினர். அந்தப் பெயரைக் கூவி விற்று முடிப்பதற்குள் மீன் நாறிவிடும். திலாப்பியாவில் லகரமும் பகரமும் பிழைத்தன. தகரம் மட்டும் மிட்டாய்க்கடைப் பக்கம் ஒதுங்கி ஜகரமாயிற்று. பின், ஜாதகம் சாதகமான வழியிலேயே ஜிலேபி சிலேபியாயிற்று. இனிப்பின் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. ஆக, ஆப்பிரிக்கச் சொல்லொன்று பாரசீகச் சட்டையை மாட்டிக்கொண்டு பொருநைக் கரையில் குடியேறியிருக்கிறது.

எஞ்சுவது ‘கெண்டை’. இம்மீன் கெண்டைக் குடும்பமே அன்று. சிலேபி என்றாலே மூலத்தில் மீன்தான் ஆகலின், முழுப்பெயருக்கு எம் உரை: ‘மீன் என்னும் மீன், கெண்டையல்லாக் கெண்டை’.

பெண் சிலேபி முட்டைகளை வாயில் வைத்தே பொரிக்கும். ஊராரும் அதன் பெயரை அவ்வண்ணமே வாயில் வைத்துப் பொரித்தனர் என்பது முடிபு.

இம்முடிபை மீன் விற்கும் அம்மாளிடம் சமர்ப்பித்தோம். “என்ன அண்ணாச்சி, மீனு வாங்க வந்தியளா, பேரு வாங்க வந்தியளா?” என்றார். அரைக் கிலோ வாங்கி, அதையும் பொரித்தோம்.