டொக்டர் மோனைக்கு நாலு புத்தி

வா மோனை, இரு. விபோர்க் ஆசுப்பத்திரியில வேலையாம். கொம்மா ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. படிக்காத கிழவன் சொல்லுறதையும் கேட்டிட்டுப் போ.

நோயாளியைக் கதைக்க விடாதை. விட்டால் என்ன வருத்தமெண்டு தெரிஞ்சிடும். பிறகு உன்ர படிப்பு என்னத்துக்கு? 1984இல அமெரிக்காவில மணிக்கூடு பிடிச்சுப் பாத்தவங்களாம், பேத்தி வாசிச்சுக் காட்டினவள். நோயாளி தொடங்கி 18 செக்கனில டொக்டர் குறுக்க பூந்திட்டார். 2018இல பாத்தால் 11 செக்கன். விஞ்ஞானம் வளருதடா! சுவிஸில பாசல் டொக்டர்மார்தான் விசரர். 335 பேரை மறிக்காமல் கதைக்க விட்டவங்கள். சராசரி 92 செக்கனில ஆக்கள் தாங்களே நிப்பாட்டிப் போட்டினம். அஞ்சு நிமிசம் தாண்டினது ஏழு பேர்தான். அந்த ஏழும் எங்கட சனமாத்தான் இருக்கும், அது வேற கதை.

போன மாசம் ஆச்சியைக் குடும்ப டொக்டரிட்டக் கொண்டுபோனனாங்கள். 2018 யூலையில இருந்து, இஞ்ச டென்மார்க்குக்கு வந்து மூண்டு வருசம் தாண்டின ஆக்கள் மொழிபெயர்ப்பாளருக்குத் தாங்களே காசு கட்டவேணும். நாங்கள் வந்து முப்பது வருசத்துக்கு மேல. பேரன் இருக்கேக்க காசேன்? ஆச்சி தொடங்கினாள்: வட்டுக்கோட்டையில தமையன் செத்ததெண்டு போன் வந்தது, செத்த வீட்டுக்குப் போகேலாமல் போனது, அண்டையில இருந்து தலைக்குள்ள ஆரோ உலக்கை போடுற மாதிரி, ராவில நித்திரை இல்லை. அழுதும் போட்டாள். பேரன் அதை டெனிஷில திருப்பினான்: "ஆச்சிக்குத் தலையிடி."

டொக்டர் கொம்பியூட்டரைப் பாத்துத் தலையாட்டினார். கொம்பியூட்டருக்கு நல்ல ஆறுதல். ஆச்சிக்குப் பனோடில் குளிசை.

இன்னொண்டு. யூலாந்துக் கிழவன் கால் முறிஞ்சு தொங்கினாலும் "அவ்வளவு மோசமில்லை" எண்டுவான். எங்கட கிழவி நகச்சுத்துக்கே "நான் சாகப்போறன்" எண்டுவாள். சொன்னதைச் சொன்னபடி எழுதி வை. அவனைச் சவச்சாலையில சந்திக்கலாம், இவளுக்குப் பத்து ஸ்கான் எடுக்கலாம்.

எழும்பிக் கதவுப்பிடியில கை வைச்சவுடன சில பேர் சொல்லுவினம்: "அது கிடக்கட்டும் டொக்டர், நெஞ்சுக்குள்ளயும் ஒரு மாதிரி..." அதைக் காதில விழுத்தாதை. விழுத்தினால் உனக்குத் தேத்தண்ணி பிந்திப்போடும்.

வைலே ஆசுப்பத்திரியில, கல்கரி-கேம்பிரிட்ஜ் வழிகாட்டியெண்டு ஒண்டை வைச்சு, தாதியில இருந்து பெரிய டொக்டர் வரைக்கும் நோயாளியோட கதைக்கப் பழக்கினவங்கள். எங்கட ஊர்ப் பரியாரியார் எந்த வகுப்புக்கும் போகேல்லை. திண்ணையில இருத்தி, ஆர்ற மோள், எப்ப தொடங்கினது, வீட்டில என்ன கரைச்சல் எண்டு எல்லாம் கேட்டுத்தான் நாடி பிடிப்பார். அவற்ற குளிசையில பாதி சும்மா சுக்குத்தான், எனக்குத் தெரியும். எண்டாலும் சனம் அவரிட்டத்தான் போனது.

சிரிக்காதை. நாளைக்கு வார்ட்டில ஆரும் கதைக்கத் தொடங்கினால் கொம்பியூட்டரை அங்கால திருப்பிப்போட்டு ரெண்டு நிமிசம் பேசாமல் இரு. இப்ப குசினிக்குள்ள போ, ஆச்சி தனியத்தான் நிக்கிறாள். தமையனைப் பற்றி ஒருக்கா அவளைக் கேள்.