சிபாரிசுக் கடிதமும் பறிமுதல் லாரியும்

மாட்சிமை பொருந்திய நகராட்சி ஆணையர் அவர்களின் சமூகத்திற்கு, கடைத்தெருவில் பேரம் பேசிக் காய்கறி வாங்குவதைத் தவிர வேறெந்தப் பொதுப்பணியும் அறியாத குடிமகன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சாலையோர வியாபாரிகளின் ஜீவனத்தில் தங்கள் நிர்வாகம் கொண்டுள்ள அக்கறையைப் புகழ்ந்து நாலு வரி எழுதவேண்டுமென்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். ஊரடங்கினால் தள்ளுவண்டிகளெல்லாம் வீட்டு வாசலில் முடங்கிக் கிடந்த 2020ஆம் ஆண்டில், மத்திய அரசு ஸ்வநிதி என்னும் திட்டத்தை வகுத்து, ஈடு எதுவும் கேளாமல் முதலில் 10,000 ரூபாயும், அதை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20,000 ரூபாயும், பின்னர் 50,000 ரூபாயும் வங்கிகளின் மூலம் கடனாகக் கிடைக்கச் செய்ததையும், வட்டியில் 7 சதவீதத்தை மானியமாக ஏற்றுக்கொண்டதையும், 2025இல் முதலிரண்டு தொகைகளை 15,000, 25,000 என்று உயர்த்தித் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்ததையும் தாங்கள் அறிவீர்கள். கையில் அடையாள அட்டையோ விற்பனைச் சான்றிதழோ இல்லாத எளியவர் ஒருவர் வங்கி மேலாளரின் கண்ணுக்கு வியாபாரியாகப் புலப்படவேண்டுமானால், அவர் இந்த ஊரில் இன்ன தொழில் செய்கிறவர்தாம் என்று ஸ்தல ஸ்தாபனம் சிபாரிசுக் கடிதம் தரவேண்டும். அந்தப் புண்ணிய கைங்கரியம் தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தது.

எங்கள் தெருமுனையில் கீரை விற்கும் அம்மாளுக்கும் தங்கள் முத்திரையுடன் கூடிய அக்கடிதம் கிடைத்தது, கடனும் கிடைத்தது. தலைச்சுமை நீங்கித் தள்ளுவண்டி வந்தது. படிக்கல்லுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் தராசு வந்தது. வெயிலுக்கு நீலத் தார்ப்பாய் வந்தது. செல்பேசியில் பணம் செலுத்துவோருக்காக வங்கி கொடுத்த கியூஆர் அட்டை, கறிவேப்பிலைக் கொத்துக்கும் எலுமிச்சைக் கூடைக்கும் நடுவே கம்பியில் கட்டித் தொங்கவிடப்பட்டது. பாரதத்தின் பொருளாதாரம் எங்கள் தெருமுனைவரை வந்து சேர்ந்துவிட்டதென்று நானும் மனம் பூரித்தேன்.

மறுமாதம், கடிதம் கொடுத்த அதே நகராட்சியின் லாரி, ஆக்கிரமிப்பு அகற்றும் பணிக்காக அதே தெருமுனைக்கு எழுந்தருளியது. இரண்டு பேர் வண்டியின் முன்சக்கரத்தைப் பிடிக்க, இரண்டு பேர் பின்னால் தாங்க, முளைக்கீரைக் கட்டுகள் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் விழ, தராசும் தார்ப்பாயுமாக வண்டி லாரியேறியது. "ஐயா, இன்னும் தவணையே முடியலீங்களே!" என்று அந்த அம்மாள் கும்பிட்டபோது, மேற்பார்வையாளர் கோபமேதுமின்றி, "அது வேற செக்‌ஷன்மா" என்று விளக்கமளித்தார். கியூஆர் அட்டை கழற்றப்படாமல் வண்டியோடு கிடங்குக்குச் சென்றுவிட்டபடியால், கிடங்கில் உள்ளவர்கள் விரும்பினால் அந்த அம்மாளின் கணக்கில் பணம் செலுத்த இன்றைக்கும் தடையில்லை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதென்று உலகத்தார் சொல்வார்கள். தாங்களோ முதலில் தொட்டிலை ஆட்டி, பிள்ளை கண்ணயர்ந்த பிறகே கிள்ளுகிறீர்கள். இந்த வரிசை மாற்றத்தில் அல்லவோ நிர்வாகத்தின் நயம் விளங்குகிறது! போதாக்குறைக்கு, எந்த நடைபாதையில் நிற்பது குற்றமென்று ஒரு பிரிவு லாரி அனுப்புகிறதோ, அதே நடைபாதையில் நிற்பதற்காகத் தரைவாடகை வசூலிக்கும் உரிமையை மற்றொரு பிரிவு குத்தகைக்கு விட்டிருக்கிறது. குத்தகைதாரரின் ஆள் காலையில் ரசீது கிழிக்கிறார்; லாரி மத்தியானம் வருகிறது. இருவருக்கும் இடையே நேரத் தகராறு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த இடத்தில், தாங்கள் அருவருக்கும் ஒரு ஆசாமியைப் பற்றிப் பிரஸ்தாபிப்பதற்கு மன்னிக்கவேண்டும். அவர் தண்டல்காரர். 10,000 என்று எழுதிக்கொண்டு, 8,500 மட்டும் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது அத்தொழிலின் சகஜமான கணக்குகளில் ஒன்று. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தும், அவர் பையிலிருந்து நோட்டுப்புத்தகம் மறையவில்லை. ஆயினும் ஒரு விஷயத்தில் அவர் தங்களை விஞ்சி நிற்கிறார்: கடன் வாங்கியவளின் வண்டியை அவர் ஒருபோதும் நடுத்தெருவில் கவிழ்ப்பதில்லை, வண்டி போனால் வசூலும் போய்விடும் என்கிற அர்த்தசாஸ்திரம் அவருக்குத் தெரியும். நிற்க இடமில்லாதவனுக்குக் கொடுக்கும் முதலீடு முதலீடாகாது, வெறுங் கடனாகும் என்பதைக் கந்துவட்டிக்காரர் உணர்ந்திருக்க, ஒரு நகராட்சி உணராமற் போவது விந்தையிலும் விந்தை.

சட்டம் இல்லாமையால் வந்த குறையென்றும் சொல்வதற்கில்லை. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்கிறது. அப்புறப்படுத்த நேர்ந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. பறிமுதல் செய்த பொருளை, உரியவர் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள், அழுகும் பொருளாயின் அன்றைக்கே, திருப்பித் தரவேண்டும் என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக இருக்கவேண்டும் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. அக்குழுவுக்குத் தலைவர் தாங்களே. எங்கள் ஊரில் அக்குழு கூடியதாகக் கண்டவர் எவரும் இல்லையாதலால், தலைவரின் அனுமதிக்காகத் தாங்களும் எங்களைப் போலவே காத்திருக்கிறீர்கள் என்று கருதுகிறேன்.

ஆகையால், அக்குழுவைக் கூட்டி, வியாபாரிகளைக் கணக்கெடுத்து, அவர்கள் நிற்கத்தக்க இடங்களைக் கோடு கிழித்துக் காட்டி, கிடங்கிலுள்ள வண்டிகளை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி பிரார்த்திக்கிறேன். அது இப்போதைக்கு இயலாதெனில், இனி வழங்கும் ஒவ்வொரு சிபாரிசுக் கடிதத்தின் அடியிலும் லாரி வரும் தேதியையாவது குறித்துக் கொடுக்க உத்தரவிட வேண்டும். அதற்கு முன்னால் தவணைகளை முடித்துக்கொள்வது பற்றி வங்கியாரிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சொத்துவரி பாக்கியில்லாத குடிமகன்