ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணே

"காய்ச்சல், வயித்தால வேற போகுது. ஒரு செட் குடுங்கண்ணே, ரெண்டு வேளைக்கு."

தெருமுனை மெடிக்கலில் நூல் கட்டித் தொங்கும் கத்தரிக்கோலுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்த அட்டையிலிருந்து இரண்டு, அந்த அட்டையிலிருந்து இரண்டு, பழுப்புக் கவர், மேலே பேனாவால் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. மருந்தின் பெயர் வெட்டுப்படாத பாதியிலேயே தங்கிவிட்டது. காலாவதித் தேதி நேற்றே வேறு யாருக்கோ போய்விட்டது. எம்.பி.பி.எஸ். படிக்க ஐந்தரை வருடம். இதற்கு அரை நிமிடம்.

அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதே என்று அர்த்தமாம். 2016-ல் மத்திய அரசு ஊரறியச் சொன்னது. செஃபிக்ஸிம் வகையறாவுக்கு 2014 மார்ச்சிலிருந்தே தனிப் பதிவேடு: எழுதிக் கொடுத்த டாக்டர் யார், நோயாளி யார், எத்தனை மாத்திரை, எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் புண்ணிய ஏட்டைத் தரிசிக்கும் பாக்கியம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. கோட்டை மட்டும் பார்த்தேன். டைபாய்டு கிருமிக்கு விரித்த கம்பளம், கொஞ்சம் ஒல்லியானது.

டைபாய்டா என்று தெரிய ரத்தத்தைக் கல்ச்சர் வைக்க வேண்டும். முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போகும் முன் எடுத்தால்தான் கிருமி ஒழுங்காகப் பிடிபடும். நம்மாளோ 'செட்'டை முடித்துவிட்டுத்தான் லேபுக்கே வருகிறார். போகட்டும், இருக்கவே இருக்கிறது விடால் டெஸ்ட், 1896-ல் பிறந்த கிழவர். எப்போதோ வந்துபோன காய்ச்சலுக்கும் 'பாசிட்டிவ்' என்பார். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை கேட்டால்தான் அவர் பேச்சை ஓரளவாவது நம்பலாம். இங்கே ஒரே முறை; சாயங்காலமே பட்டமளிப்பு, கூடவே ஊசி.

கவருக்குள் இருப்பது ஓஃப்ளாக்சசின். அதன் பங்காளி சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இந்த நாட்டு டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை மசிவதை நிறுத்தி வருடக்கணக்காகிறது. மசியாதது கிருமிக்குத் தெரியும், கடைக்குத் தெரியாது. துணைக்கு 'கேஸ்' மாத்திரை வேறு. வாசலில் கிருமியைத் தடுப்பது வயிற்று அமிலம். காவலாளிக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் திருடனைத் தேடுகிறோம்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் திரும்புகிறது. உடனே விசாரணைக் கமிஷன், உடனே தீர்ப்பு: "நோயாளி கோர்ஸை முடிக்கவில்லை."

அடப்பாவிகளா! சித்தாள் வேலைக்குப் போகிறவர் இரண்டு வேளைக்குக் கேட்டது வைத்தியம் தெரிந்து அல்ல, பையில் இருந்த காசு அவ்வளவுதான் என்பதால். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஏழு நாள் மாத்திரைக்கும் ஏழு நாள் படுக்கைக்கும் யார் கொடுப்பது? அவரைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் அவர் வீட்டுக் குழாயை ஏன் ஏற்றுவதில்லை?

மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் சம்பந்திகளாகக் கிடக்கின்றன. குழாய் காலியாகக் கிடக்கும்போது வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சினால் விரிசல் வழியாக எது உள்ளே வரும்? முதல் குடம் கறுப்பு, இரண்டாவது பழுப்பு, மூன்றாவதில் வாடை மட்டும். புகார் கொடுத்தால் அதிகாரியிடம் பதில் தயார்: "மொத ரெண்டு கொடத்தைக் கீழ ஊத்திருங்க. காய்ச்சிக் குடிங்க." கேஸ் சிலிண்டரையும் அவரே அனுப்பிவைப்பார் போல! மருந்து கேட்டுக் குணமானவனுக்கும் மறுபடி அதே குழாய். அதுவும் கோர்ஸை முடிக்காதவன் கணக்கில்தான் எழுதப்படும்.

டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை நீண்டகாலம் கிருமியைச் சுமக்கிறார்கள். பித்தப்பையில் கல் இருந்தால் அதில் படலமாக ஒட்டிக் குடித்தனம் நடத்தும். அப்படிச் சுமந்த சமையல்காரி மேரி மாலனை நியூயார்க்கில் 1907-ல் தொடங்கி இரண்டு தடவையாக 26 வருடம் தீவில் அடைத்துவைத்தார்கள். அங்கேயும் அகப்பட்டது ஏழைதான். குழாயைக் கைது செய்ய எந்த ஊரிலும் ஆளில்லை.

நமக்குப் பிரகடனம் நன்றாக வரும். மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி 2012-ல் வெளியான பிரகடனத்துக்குப் பெயரே சென்னைப் பிரகடனம். மெடிக்கலில் மாட்டி வைக்கலாம், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஆணி காலியாக இருக்கிறது.

சித்தாள் மறுபடி வந்து நிற்கிறார், கண்கள் உள்ளே போயிருக்கின்றன.

"போன தடவை குடுத்தது கேக்கலையா? பவர் கம்மி. இந்தா, இதுல கொஞ்சம் பவர் ஜாஸ்தி. எத்தனை வேளைக்கு?"

"ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணே."

கத்தரிக்கோல் அட்டையில் இறங்குகிறது. "மொத மாத்திரையை இங்கயே போட்டுக்க" என்று கடைக்காரர் பாசத்தோடு சொம்பை நீட்டுகிறார். அதே தெருக் குழாயில் காலையில் பிடித்த தண்ணீர்.